கூட்டத்துக்கு வந்து கதையுங்கோ

“எட்டரை மணியோ? காலமையோ?”

குணசேகரம் இதைக் கேட்டபோது அவர் வாயில் பாதிப் பாண் இருந்தது. மீதிப் பாதி சம்பலோடு கையில் இருந்தது. தமிழ்ப் பள்ளியிலிருந்து மகள் கொண்டுவந்த அறிவித்தலை மனைவி நேசமலர் இன்னொரு தடவை வாசித்துக் காட்டினார்.

“வாற மாதம் தொடக்கம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் பின்னேரம் ரண்டு மணிக்குப் பதிலாக் காலமை எட்டரைக்குத் தொடங்குமாம். கீழ ‘நிர்வாகம்’ எண்டு கிடக்கு. அவ்வளவுதான்.”

“காரணம்?”

“காரணம் ஒண்டும் போடேல்லை.”

“விசரோ உவங்களுக்கு!”

வெள்ளி இரவு முழுவதும் தொழிற்சாலையில் நின்று வேலை செய்துவிட்டுச் சனி காலையில் வீட்டுப் படியேறும் மனிதருக்கு இந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அவருடைய நித்திரை பெரிய பிரச்சினை அல்ல. உண்மையான பிரச்சினை மேசையின் மறுபக்கம் இருந்து சொக்கிலேற் பூசிய பாணைக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பத்து வயது. பெயர் மிதுசா.

“சனிக்கிழமை காலமை எனக்கு நீச்சல். நான் இனித் தமிழுக்குப் போகேல்லை,” என்றாள் மிதுசா. “ஃபேர்ட்டிக்.”

ஃபேர்ட்டிக் என்பது இந்த ஜெர்மன் நாட்டுப் பிள்ளைகள் பேச்சை முடிக்கும் சொல். அதற்குப் பிறகு பெற்றோர் வாய் திறந்தும் பயனில்லை.

வுப்பர்டால் நகருக்கு வந்து எவ்வளவோ காலமாகியும் குணசேகரத்தின் டொச்சு மொழி தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. மேற்பார்வையாளரோடு சண்டை பிடிக்க அது போதும். மகளோடு மனம்விட்டுப் பேசப் போதாது. மிதுசாவின் டொச்சுப் பள்ளி ஆசிரியையைப் பார்க்க டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போனால், மிதுசாவே நடுவில் இருந்து மொழிபெயர்ப்பாள். ஆசிரியை முகத்தைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பேசுவார். மிதுசா, “நான் கெட்டிக்காரியாம்,” என்று ஒரு வரியில் முடிப்பாள். இவள் தமிழையும் கைவிட்டால், நாளைக்குச் சொந்த மகளோடு பேசவே சம்பளத்துக்கு ஆள் பிடிக்க வேண்டிவரும் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தில் பகிடி எதுவும் இல்லை.

கையைக் கழுவாமலே தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் தமிழ்ப் பள்ளி நிர்வாகத் தலைவர் சிவகுருநாதன். ஏழு வருடமாக அவர்தான் தலைவர். தேனில் தோய்த்த குரல்.

“சிவகுரு அண்ணை, என்ன இது? விடியக் காத்தாலை எட்டரைக்கு ஆர் பிள்ளையளை எழுப்பிக் கொண்டு வாறது?”

“நீங்கள் சொல்லுறது நூறு வீதம் சரி, தம்பி குணம்.”

இப்படி ஒரு பதிலைக் குணசேகரம் எதிர்பார்க்கவில்லை. “சரி எண்டால் ஏன் மாத்தினீங்கள்? காரணத்தைச் சொல்லுங்கோவன்.”

“வாற சனிக்கிழமை பொதுக்கூட்டம். புது நிர்வாகத் தெரிவும் இருக்கு. கூட்டத்துக்கு வந்து கதையுங்கோ, அதில சொல்லுறன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மற்ற ஆக்களுக்கும் கோவமோ?” என்று கேட்டார்.

“பின்ன இல்லையோ? எல்லாரும் கொதிச்சுப்போய் இருக்கினம்!”

“நல்லது, நல்லது,” என்றார் சிவகுருநாதன்.

குணசேகரம் தொலைபேசியை வைத்த விதத்தில் மேசையிலிருந்த சம்பல் கிண்ணம் ஒரு துள்ளுத் துள்ளியது.

“நல்லதாம்! திமிரைப் பாத்தியே?” என்றார் மனைவியிடம். “முந்தி ரவிச்சந்திரன் தலைவரா இருக்கேக்கை, பிள்ளையள் எல்லாரும் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுத்தான் வகுப்புக்கு வரவேணும் எண்டு சட்டம் போட்டவர். இந்தச் சேத்துக்கையும் பனிக்கையும் வெள்ளைச் சப்பாத்து! அதுக்கு மேசையில அடிச்சு ஞாயம் கேட்டது ஆர்? இதே சிவகுரு அண்ணை. கதிரையில இருந்தாப் பிறகு மனுசர் எப்பிடி மாறிப்போயினம் பார்.”

“அப்ப கூட்டத்துக்குப் போய்க் கதையுங்கோ.”

இந்த இடத்தில் குணசேகரத்தின் வீரம் கொஞ்சம் இறங்கியது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் கூட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பொதுக்கூட்டம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அன்றைக்குத்தான் தலையிடி, மாமியின் பிறந்தநாள், கார் பழுது எல்லாம் வரும். அப்படியும் தப்ப முடியாது. எழும்பி நின்று மறுக்க ஆள் இல்லாததால் வராதவர்களுக்கே பதவியைப் போடுவார்கள். குணசேகரமே ஒருமுறை வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது விளையாட்டுத்துறைப் பொறுப்பாளர் ஆனவர். வந்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. குறை சொன்னவரைப் பார்த்து, “அப்ப நீங்களே பொறுப்பை எடுங்கோவன்,” என்பார்கள். தலைவர் பதவியை மட்டும் வந்திருப்பவருக்குத்தான் போடலாம்; அது கிடைத்தவர் பாட்டைக் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை முழுவதும் போய்விடும். மண்டபக் கதவுத் திறப்பு, கட்டடம் பார்க்கும் ஹவுஸ்மைஸ்டரின் முறைப்பாடு, ஆண்டு விழா, நாடகத்தில் பிள்ளைக்கு ராசா வேடம் கிடைக்காத தாய்மாரின் தொலைபேசி எல்லாம் அந்த ஒரு தலையில்தான் விடியும்.

“எனக்கு அந்த எட்டரை மணிச் சட்டம் இல்லாமல் போகவேணும். பதவி வரக்கூடாது,” என்றார் குணசேகரம்.

“அப்ப வேற ஆளைப் பிடியுங்கோ,” என்றார் நேசமலர்.

நல்ல யோசனை. முதலில் பழைய தலைவர் ரவிச்சந்திரனைக் கேட்டார். ரவிச்சந்திரன் மறுமுனையில் சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, “ஐயோ குணம், நான் செய்து முடிச்சிட்டன். உங்களுக்கு என்ர ஆசீர்வாதம்,” என்றார்.

“எனக்கு எதுக்கு ஆசீர்வாதம்? நான் ஆள் தேடுறன்.”

“ஓம் ஓம், தேடுங்கோ,” என்று சொல்லி மறுபடியும் சிரித்தார்.

அடுத்ததாகச் சுரேன். கணினி வேலை செய்யும் இளம் தகப்பன். இரண்டு வயதில் இங்கே வந்து இங்கேயே வளர்ந்தவர். மகனை இந்த வருடம்தான் பாலர் வகுப்பில் சேர்த்திருந்தார். எங்கள் சங்கங்களில் இன்னும் அடிபடாத மனிதர் என்பதால் உடனே சம்மதித்தார்.

“ஆனால் தம்பி, ஒரு முறை இருக்கு,” என்று குணசேகரம் விளக்கினார். “நான் உங்கட பேரைச் சொன்ன உடன ஓம் எண்டு சொல்லிப்போடக் கூடாது. பதவிக்கு அலையிறான் எண்டு சனம் நினைக்கும். முதல் ‘எனக்கு ஏலாது’ எண்டு சொல்லுங்கோ. நாங்கள் வற்புறுத்துவம். பேந்தும் ஏலாது எண்டு சொல்லுங்கோ. மூண்டாந்தரமும் சொல்லுங்கோ. அப்ப பொன்னாடை போடுவம், வாங்கிக்கொள்ளுங்கோ.”

“மூண்டு தரம் நைன். பிறகு யா,” என்று சுரேன் பாடமாக்கிக்கொண்டார்.

ஆள் கிடைத்த துணிவில் குணசேகரம் இன்னொரு வேலையும் செய்தார். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, எட்டரை மணியின் அநியாயத்தை விளக்கினார். எல்லோரும் கொதித்தார்கள். எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே வசனத்தையும் சொன்னார்கள்: “நீங்கள் முன்னுக்கு நிண்டு கதையுங்கோ அண்ணை, நாங்கள் பின்னால நிக்கிறம்.”

“எங்கட சனம் ஒற்றுமையில்லை எண்டு ஆர் சொன்னது?” என்றார் குணசேகரம் பெருமையோடு.

“எல்லாரும் பின்னால நிண்டால் முன்னுக்கு நிக்கிறது ஆரெண்டு யோசிச்சனீங்களோ?” என்றார் நேசமலர்.

அவர் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை நல்ல மழை. உலகக் கிண்ண உதைபந்தாட்டம் முடிந்து மாதங்கள் ஆகியும் கழற்றப்படாத கொடி ஒன்று எதிர்வீட்டு மாடியில் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் நடந்தது, தமிழ் வகுப்புகளுக்கு வாடகைக்கு எடுத்த டொச்சு ஆரம்பப் பள்ளியின் வகுப்பறையில். ஏழு வயதுப் பிள்ளைகளின் கதிரைகளில் நாற்பது வயது மனிதர்கள் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். அப்படியும் இடம் போதவில்லை. வழக்கமாக ஐந்தாறு பேர் வரும் கூட்டத்துக்கு அன்று வாசல்வரை சனம்.

சிவகுருநாதன் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, கலியாண வீட்டுத் தகப்பனைப் போலப் பக்கத்து அறைகளிலிருந்து கதிரை சுமந்தார். “வாங்கோ, வாங்கோ, இவ்வளவு பேரும் வந்தது எனக்குப் பெரிய சந்தோசம்,” என்று கண்கலங்கினார். மேசையில் தேநீர்ப் போத்தலும் ஒரு தட்டு றோல்ஸும் இருந்தன. பக்கத்தில், இஸ்திரி போட்டு மடித்த பொன்னாடையும் இருந்தது.

குணசேகரம் எழுந்தார். ஒரு நிமிடம் பேசிவிட்டு உட்காருவதென்றுதான் வீட்டில் தீர்மானித்திருந்தார். ஆனால் எதிரே அவ்வளவு தலைகளைக் கண்டதும் நாக்கு தன்பாட்டில் ஓடியது. பிள்ளைகளின் நித்திரை, பெற்றோரின் இரவு வேலை, சனிக்கிழமை நீச்சல் என்று அடுக்கினார். கடைசியில், “எங்கட பிள்ளையள் தமிழை விட்டிட்டுப் போனால், நாளைக்கு அவையோட நாங்கள் என்ன பாசையில அழுறது?” என்று கேட்டபோது அவருடைய குரல் உண்மையாகவே உடைந்தது. மேசையிலும் ஒரு அடி அடித்தார். சில தாய்மார் மூக்கைத் துடைத்தார்கள். எல்லோருக்கும் முன்னதாகக் கைதட்டியவர் சிவகுருநாதன்.

“தம்பி கதைச்சது அவ்வளவும் உண்மை,” என்றார் அவர். “ஆனால் பழைய நிர்வாகத்தின்ர முடிவைப் புது நிர்வாகம்தான் மாத்தலாம். அதால நேரடியாத் தெரிவுக்குப் போவம்.”

இதைத்தான் குணசேகரம் காத்திருந்தார். “நான் சுரேன் தம்பியைத் தலைவரா முன்மொழியிறன்!”

சுரேன் எழுந்து, பாடமாக்கியபடி தெளிவாகச் சொன்னார். “எனக்கு ஏலாது.”

“சரி,” என்று சிவகுருநாதன் கரும்பலகையில் எழுதிய பெயரை அழித்தார்.

“பொறுங்கோ, பொறுங்கோ,” என்று குணசேகரம் பதறினார். “தம்பி சும்மா சொல்லுறார். இன்னொருக்கா வற்புறுத்திக் கேளுங்கோ.”

செயலாளர் மகாதேவி அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அந்தத் தம்பி இஞ்ச வளந்தது. இஞ்ச வளந்த பிள்ளையள் ஏலாது எண்டால் ஏலாதுதான். எங்களை மாதிரி ஒண்டை நினைச்சு ஒண்டைச் சொல்லுற பழக்கம் அதுகளுக்கு இல்லை. படிச்ச பிள்ளையைச் சபையில வைச்சுப் பொய்க்காரன் எண்டு சொல்லுறீங்களோ?”

“ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை…”

சுரேன் குணசேகரத்தின் காதருகே குனிந்தார். “அண்ணை, எனக்கு இன்னும் ரண்டு தரம் சொல்லக் கிடக்கு.”

“இனிச் சொல்லி என்ன, இருங்கோ தம்பி.”

தன்னால் ஏதோ பிழைத்துவிட்டது என்று சுரேனுக்கு விளங்கியது. நல்ல மனம் படைத்த பிள்ளை. அதைச் சரிக்கட்ட உடனே கையை உயர்த்தினார். “அப்ப நான் குணசேகரம் அண்ணையை முன்மொழியிறன்!”

“வழிமொழியிறன்!” என்று அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் சத்தம் வந்தது. பின்னால் நிற்போம் என்று வாக்குக் கொடுத்த அத்தனை பேரும் வாக்குத் தவறாமல் பின்னால்தான் நின்றார்கள்.

“எனக்கு ஏலாது!” என்றார் குணசேகரம்.

சபை மகிழ்ச்சியோடு தலையாட்டியது. எவ்வளவு அடக்கம்!

“உண்மையாவே ஏலாது. நான் வெள்ளி இரவிலை வேலைக்குப் போற ஆள்.”

“வேலை உள்ள மனுசருக்குத்தான் நேரத்தின்ர அருமை தெரியும்,” என்றார் ஒருவர்.

“எனக்குக் கோவம் வரும். பொறுமை இல்லை.”

“தலைவர் எண்டால் ஒரு சூடு வேணும்,” என்றார் இன்னொருவர்.

“நான் போன முறை விளையாட்டுத்துறை எடுத்துப்போட்டு, வருசம் முழுக்க ஒரு பந்துகூட வாங்கிக் குடுக்கேல்லை!”

“என்ன ஒரு நேர்மை!” என்று மகாதேவி அக்கா நெகிழ்ந்துபோனார். “தன்ர பிழையைத் தானே சபையில சொல்லுற ஒரு ஆம்பிளையை நான் இண்டைக்குத்தான் காணுறன்.”

குணசேகரத்துக்கு வியர்த்தது. சுரேனின் பொய் ‘ஏலாது’வை மெய் என்று எடுத்த சபை, தன்னுடைய மெய் ‘ஏலாது’வைப் பொய் என்று எடுத்ததை நினைத்து அவருக்கு அழுகை வந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்ததற்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக வருத்தப்பட்டார். அந்தப் பதற்றத்தில் ஒரு பெரிய பொய்யை எடுத்து விட்டார். அந்த வருடங்களில் எங்கள் ஆட்களில் பலர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் அது நம்பக்கூடிய பொய்தான்.

“நாங்கள் லண்டனுக்குப் போகப்போறம். வீட்டைக் குடுத்திட்டுப் போறம். அதால ஏலாது.”

சிவகுருநாதனின் முகம் கறுத்தது. தப்பினேன் என்று குணசேகரம் மூச்சு விட்டார்.

“எப்ப?” என்றொரு குரல் பெண்கள் பக்கமிருந்து வந்தது.

நேசமலர் எழுந்து நின்றிருந்தார். லண்டனில் அவருடைய அக்கா இருக்கிறார். அங்கே போவோம் என்று அவர் வருடக்கணக்காகக் கேட்டு வந்தார், குணசேகரம் வருடக்கணக்காக மறுத்து வந்தார். நேசமலரின் கண்கள் மின்னின.

“என்னப்பா, எனக்குச் சொல்லாமல் எல்லா அலுவலும் பாத்து வைச்சிருக்கிறியள் என்ன? அக்காவுக்குச் சொல்லீற்றீங்களோ?”

“இல்லையப்பா… அது… நான் சும்மா…”

“சும்மாவோ?”

நாற்பது பேர் கழுத்தைத் திருப்பி நேசமலரைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி திருப்பிக் குணசேகரத்தைப் பார்த்தார்கள். மனைவியின் முகம் மின்னியதும் அணைந்ததும் அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

“போகேல்லை,” என்றார் மெல்ல. “லண்டனுக்குப் போகேல்லை.”

“போகேல்லையாம்!” என்று சிவகுருநாதன் துள்ளினார். “தம்பி எங்களோடதான் இருக்கிறார்!”

“லண்டன் கதையை வீட்டை போய்க் கதைப்பம்,” என்று சொல்லி நேசமலர் உட்கார்ந்தார்.

இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. இவ்வளவு காலத்தில் எங்கள் சங்கம் எதிலும், தானாகப் பதவி கேட்ட மனிதனுக்குப் பதவி கொடுத்த சரித்திரம் இல்லை. அலைகிறான் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். குணசேகரம் நெஞ்சை நிமிர்த்தினார். வெட்கத்தை விட்டார்.

“சரி, உண்மையைச் சொல்லுறன். எனக்குப் பதவி வேணும். எனக்குப் பதவி எண்டால் சரியான ஆசை. தாங்கோ!”

பிள்ளைக் கதிரை ஒன்று கிறீச்சிட்டது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பலித்துவிட்டது என்று குணசேகரம் நினைத்த அந்தக் கணத்தில், பொன்னாடை அவருடைய கழுத்தில் விழுந்தது. சிவகுருநாதன் மேசையைச் சுற்றி வராமல், அதன் மேலாலேயே எட்டிப் போட்டிருந்தார்.

“கேட்டுட்டார்! மனுசன் வாயைத் திறந்து கேட்டுட்டார்!” என்றவரின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. “ஏகமனதாத் தெரிவு! அக்கா, எழுதுங்கோ, கெதியா எழுதுங்கோ!”

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. குணசேகரத்தின் உள்ளங்கையில் பள்ளிக் கதவுகளின் திறப்புக் கோர்வை வந்து இறங்கியது. அது தண்ணீர் வாளியின் கனம் கனத்தது.

புதிய தலைவர் தன் முதல் முடிவை அந்த இடத்திலேயே அறிவித்தார். வகுப்புகள் பழையபடி பின்னேரம் இரண்டு மணிக்கே நடக்கும். யாரும் எதிர்க்கவில்லை. சிவகுருநாதன் இரண்டு கையையும் தூக்கி ஆதரித்தார். பின்வரிசையில் சித்திரக் கதை வாசித்துக்கொண்டிருந்த மிதுசா தலையை நிமிர்த்தி, “அப்ப எனக்கு நீச்சலும் இருக்கு, தமிழும் இருக்கு. சரி அப்பா,” என்றாள்.

அந்தச் ‘சரி அப்பா’வில் குணசேகரத்தின் பாதிக் களைப்புப் போனது. இரண்டும் தமிழ்ச் சொற்கள். மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

சனம் கலைந்தது. றோல்ஸ் தட்டு வெறுமையானது. பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூடக் கதிரை தூக்க நிற்கவில்லை. பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டே குணசேகரம் குட்டிக் கதிரைகளை அடுக்கினார். பாலர் வகுப்பு றீற்றா ரீச்சர் மட்டும் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து இருப்பவர். அதிகம் பேசாதவர்.

ஜன்னலுக்கு வெளியே, சிவகுருநாதன் மணியடித்த பள்ளிப் பிள்ளை மாதிரிப் படிகளில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு கார் நின்றது. அதிலிருந்து பழைய தலைவர் ரவிச்சந்திரன் குடையோடு இறங்கினார். இருவரும் மழைக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள்.

“எல்லாம் சரி ரீச்சர்,” என்றார் குணசேகரம், கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்து. “எனக்கு ஒண்டுதான் இன்னும் விளங்கேல்லை. கூட்டத்தில காரணம் சொல்லுறன் எண்டவர், கடைசிவரை சொல்லேல்லை. இவ்வளவு நல்ல மனுசன் என்னத்துக்கு அந்த எட்டரை மணிச் சட்டத்தைப் போட்டவர்?”

றீற்றா ரீச்சர் சோக்குத் தூசியைக் கையிலிருந்து தட்டினார்.

“சும்மா கூப்பிட்டால் ஆர் அண்ணை கூட்டத்துக்கு வருவினம்? ரவி அண்ணை வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுச் சிவகுரு அண்ணையைப் பிடிச்சவர், சிவகுரு அண்ணை எட்டரை மணியைப் போட்டு உங்களைப் பிடிச்சவர். நீங்கள் என்னத்தைப் போட்டு ஆரைப் பிடிக்கப்போறியள்?”